பெ ஏழு உரித்த வெங்காயம்

ஏன் அக்கா, எதிர்வீட்டில் பூட்டுத் தொங்குகிறதே, எங்கே போயிருக்கிறார்கள் என்று உங்களிடம் ஏதாவது சொன்னார்களா?

தெரியாதா? சரி, பரவாயில்லை. இந்தப் படியில் கொஞ்சம் உட்கார்ந்துகொள்கிறேன். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறேன், முகத்தைப் பார்க்காமல் திரும்புவதா? ஒரு செம்பு தண்ணீர் மட்டும் கொடுங்கள், போதும்.

என் பெயர் நாகஜோதி. எதிர்வீட்டுப் பெண் இந்துஜா இருக்கிறாளே, அவளுக்கு நான் ஓரகத்தி. அவள் வாழ்க்கைப்பட்ட வீட்டில் மூத்த மருமகள். உங்கள் முகம் போகிற போக்கைப் பார்த்தால் என்னைப் பற்றி ஏற்கெனவே சொல்லி வைத்திருக்கிறாள் போலிருக்கிறது. சண்டை போட வந்தவள் கையில் கேழ்வரகு மாவு இருக்குமா, நீங்களே சொல்லுங்கள். முளைகட்டி, நிழலில் காயவைத்து, நானே அரைத்தது. பிள்ளைக்கு.

விஷயம் இவ்வளவுதான். வருகிற வெள்ளிக்கிழமை பிள்ளைக்கு மொட்டை போட்டுக் காது குத்த வேண்டும். கிடாய் பிடித்துக் கட்டியாகிவிட்டது. பந்தலுக்குச் சொல்லியாகிவிட்டது. சமையல்காரர் நாலு தரம் போன் போட்டு எத்தனை இலை என்று கேட்டுவிட்டார். எல்லாம் அங்கே இருக்கிறது, காது மட்டும் இங்கே இருக்கிறது. இவளோ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்து பதினோரு நாள் ஆகிறது. என் கொழுந்தன் இந்த ஊரிலேயே வீடு பார்க்கிறானாம். தனிக்குடித்தனமாம். என் மாமியார் என்னைப் பார்த்து, "நீதான ஓட்டிவிட்ட, நீயே போயிக் கூட்டிட்டு வா. பிள்ள இல்லாம இந்தப் படி ஏறாத" என்கிறார்கள். நான் என்ன செய்தேன்?

எல்லாம் குரங்கால் வந்த வினை. சிரிக்காதீர்கள்.

எங்கள் ஊர் மலையடிவாரம். ஊரைத் தாண்டினால் சாலை மலை ஏறும். மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் சுற்றுலா வருகிறவர்கள் எல்லாம் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பார்கள். அங்கே ஒரு குரங்குக் கூட்டம். முப்பது முப்பத்தைந்து இருக்கும். நடுவகிடு எடுத்துத் தண்ணீர் தொட்டுச் சீவியது மாதிரி தலை, ஆனால் புத்தி எல்லாம் திருட்டுப் புத்தி. அந்த வளைவில்தான் நான் கொய்யாப்பழம் விற்றுக்கொண்டிருந்தேன். பழம் திருடுகிற முகத்தைத் தெரிந்துகொள்ளாமல் கடை போட முடியுமா? எது காது கிழிந்தது, எது வாலில் தழும்பு, எது பார்க்கப் பரம சாதுவாக இருந்து பின்னால் வரும், எல்லாம் எனக்கு மனப்பாடம்.

போன வருடம் அந்தக் கூட்டத்தை ஆராய்ச்சி செய்ய மெட்ராஸிலிருந்து ஒரு மேடம் வந்தார். நிவேதிதா என்று பெயர். முதுகில் பை, கழுத்தில் தொலைநோக்கி, காலில் அட்டை ஏறாமல் இருக்க முழங்கால் வரை உறை. கல்யாணம் ஆகவில்லை. இருபத்தெட்டு வயதாம். கேட்டேன், சொன்னார். என்ன ஆராய்ச்சி என்று கேட்டேன். குரங்கு குணம் எப்படி மாறிக்கொண்டு வருகிறது என்று ஆராய்ச்சியாம். முன்னே அத்திப்பழம் தின்றது, இப்போது கார்க் கண்ணாடியைத் தட்டுகிறது. உறுமினால் ஜன்னலை மூடுகிறார்கள், கையை நீட்டி மெதுவாகக் கூப்பிட்டால் பன் போடுகிறார்கள் என்று ஒரு குரங்கு கண்டுபிடித்தது. அதைப் பார்த்து அதன் குட்டி, குட்டியைப் பார்த்து அடுத்த குட்டி. இப்போது மொத்தக் கூட்டமும் கை நீட்டுகிறது. இதை எழுதினால் டாக்டர் பட்டம்! எங்கள் ஊரில் தேர்தலுக்குத் தேர்தல் ஊரே வாசலுக்கு வந்து கை நீட்டுகிறது, பேரன் பேத்தி வரைக்கும் பழகிவிட்டது. அதைப் பார்த்து யாரும் பட்டம் வாங்கவில்லை.

குரங்குகளை அடையாளம் சொல்ல மேடத்துக்கு உள்ளூர் ஆள் வேண்டியிருந்தது. என்னைச் சேர்த்துக்கொண்டார். நான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை படித்தவள், கையெழுத்துக்குப் பரிசாக எவர்சில்வர் டம்ளர் வாங்கியவள். தாளில் இருபது கட்டம். பத்து நிமிடம் ஒரே குரங்கைப் பார்க்க வேண்டும். அரை நிமிடத்துக்கு ஒரு கட்டம். என்ன செய்கிறது, பக்கத்தில் யார், எத்தனை கை தூரம், குட்டி யாரிடம் இருக்கிறது. அவ்வளவுதான். கொய்யாப்பழத்தைவிட லேசான வேலை.

நான் முதலில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்தேன். எல்லாவற்றையும் அதட்டுகிற பெண் குரங்குக்கு என் மாமியார் பெயர். மேடம் பதறிவிட்டார். "வேணாம் ஜோதி அக்கா. மனுஷப் பேரு வெச்சா மனுஷ குணத்தையும் சேத்து ஏத்திருவோம். நம்பர்தான்." ஆண் என்றால் ஆ ஒன்று, ஆ இரண்டு. பெண் என்றால் பெ ஒன்று, பெ இரண்டு. பெரியவள் யாரோ அவளுக்கு ஒன்று. பெரியவள் என்று எப்படித் தெரியும்? யார் வந்தால் யார் எழுந்து இடம் விடுகிறார்கள் என்று பார்த்தால் தெரிந்துவிடுமாம். பெ ஒன்று வந்தால் பெ நாலு எழுந்துவிடும். பெ நாலு வந்தால் பெ ஏழு எழுந்துவிடும். வெட்கங்கெட்ட ஜென்மங்கள். ஒரே குடும்பத்துக்குள் என்ன ஏற்றத்தாழ்வு?

எங்கள் வீட்டில் அப்படியெல்லாம் கிடையாது. நான் அடுப்படிக்குள் நுழைந்தால் இந்துஜா எழுந்துகொள்வாள், அது மரியாதை.

மேடம் ஒரு நாள் தேநீர் குடிக்கும்போது சொன்னார், இந்தக் குரங்குகளில் பெண் பிறந்த இடத்தை விட்டுப் போகாதாம். அம்மா, அக்கா, தங்கை, சித்தி எல்லாம் ஒரே கூட்டம். வயதுக்கு வந்த ஆண்தான் மூட்டை கட்டிக்கொண்டு வேற்றுக் கூட்டத்துக்குப் போய்ப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டுமாம். நான் சிரித்த சிரிப்பில் தேநீர் மூக்கில் ஏறிவிட்டது. "அப்ப எங்க வீட்டுக்காரரு எங்க அம்மா வீட்டுக்கு வந்து நிப்பாரா? எங்க அம்மாகிட்ட ஒரு வாரம் தாங்க மாட்டாரு மேடம்" என்றேன். மேடமும் சிரித்தார். "நமக்கும் அதுக்கும் பாட்டன் ஒண்ணுதான் அக்கா, ரெண்டரைக் கோடி வருஷம் முன்னாடி. ஆனா பழக்கம் அங்கங்க திரும்பிருச்சு" என்றார். என் பாட்டன் பெயர் ராமுத்தேவர், அவர் வேட்டி கட்டியிருந்தார் என்று சொன்னேன்.

இந்துஜாவிடம் வருகிறேன். அவசரப்படாதீர்கள்.

அவளுக்குப் பிரசவம் இந்த வீட்டில்தான். ஐந்தாம் மாதம் பிள்ளையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அக்கா, நான் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. அவளுக்குப் பிள்ளையைத் தூக்கத் தெரியாது. கண்ணாடிச் சாமானைத் தூக்குவது மாதிரி தூக்குவாள். எனக்கு நாலு வயதில் பெண் இருக்கிறது, வெண்ணிலா. ஒரு நாள் ஆஸ்பத்திரி வாசல் மிதித்ததில்லை. எங்கள் தெருவில் எந்தப் பிள்ளைக்கு உரம் விழுந்து கழுத்துப் பிடித்துக்கொண்டாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். அப்படிப்பட்டவள் வீட்டில் இருக்கும்போது இவள் தட்டுத் தடுமாற வேண்டுமா? நானே எடுத்துக்கொண்டேன். எண்ணெய் தேய்ப்பது நான், குளிப்பாட்டுவது நான், சாம்பிராணி காட்டுவது நான், தூங்கவைப்பது நான். மலைக்குப் போகிற அந்த மூன்று மணி நேரம்தான் மாமியாரிடம் கொடுத்துவிட்டுப் போவேன். பால் குடிக்கிற நேரத்துக்கு அவளிடம் கொடுத்துவிடுவேன். நேரம் என்றால் நான் பார்த்துச் சொல்லுகிற நேரம். கேட்டபோதெல்லாம் கொடுத்தால் பிள்ளைக்கு வயிறு ஊதிக்கொள்ளும்.

அவள் பக்கத்திலேயே வந்து உட்காருவாள். கேட்க மாட்டாள். கையை மடியில் வைத்துக்கொண்டு பிள்ளையைப் பார்ப்பாள், பிறகு சுவரைப் பார்ப்பாள். "அக்கா, பசிக்குதோ என்னவோ" என்பாள்.

"இப்பத்தானடி குடிச்சான்."

"இல்லக்கா, சப்புக்கொட்டுறான்."

"அது பல்லு மொளைக்கிற ஊறல். நீ போயி வெங்காயத்த உரி."

போவாள். பதில் பேசத் தெரியாத பெண். ஆறாம் மாதம் முடிவதற்குள் அவளுக்குப் பால் வற்றிவிட்டது. சத்து இல்லாத உடம்பு, நான் என்ன செய்ய முடியும்? நல்லவேளை, நான் முன்கூட்டியே புட்டிப்பால் பழக்கியிருந்தேன். நான் இல்லாவிட்டால் அந்தப் பிள்ளையின் கதி என்ன என்று நினைத்துப் பாருங்கள்.

காது குத்து விஷயத்திலும் அப்படித்தான். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும், தெரியும், நான் என்ன முறை தெரியாதவளா? அவள் தம்பி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். லீவு கிடைக்குமோ கிடைக்காதோ. கடைசி நேரத்தில் மடி தேடி அலைய முடியுமா? எங்கள் அண்ணனை உட்காரச் சொல்லிவிட்டேன். பத்திரிகையிலும் தாய்மாமன் என்று அண்ணன் பெயரையே போட்டுவிட்டேன். அண்ணன் நல்ல பருமன், பிள்ளைக்கு மெத்தென்று இருக்கும். பத்திரிகையைப் பார்த்துவிட்டு இந்துஜா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளுக்குச் சம்மதம் என்றுதான் நான் நினைத்தேன்.

நீங்கள் ஏன் மூக்கில் விரல் வைக்கிறீர்கள்? ஒரு மடிதானே.

இப்போது நடந்ததைக் கேளுங்கள். மேடம் தாள் கொடுத்த புதிதில், "கை பழகணும் அக்கா, வீட்ல கோழி, ஆடு எதையாச்சும் பாத்து எழுதிப் பழகுங்க" என்றார். கோழியைப் பார்த்தால் அது இரண்டாவது கட்டத்துக்குள் பக்கத்து வீட்டுக் கொல்லைக்குப் போய்விடுகிறது. ஆடு எங்களிடம் இல்லை. யோசித்தேன். வீட்டிலேயே ஓர் இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருப்பது யார்? இந்துஜாதான். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, தாளை முட்டியில் வைத்துக்கொண்டு, பத்துப் பத்து நிமிடமாக அவளையே எழுதிப் பழகினேன். பெயர் எழுதக் கூடாது என்று மேடம் சொன்னாரே, அதனால் பெ ஏழு என்று போட்டேன். எனக்கு, சும்மா ஒரு அடையாளத்துக்கு, பெ ஒன்று. என் கை நன்றாகப் பழகிவிட்டது. அந்தத் தாளைத் தூக்கிப்போட மனம் வரவில்லை, நல்ல கையெழுத்து. கட்டோடு கட்டாக மேடத்திடம் போய்விட்டது. சோம்பேறி செய்கிற தப்பு இல்லை இது, வேலை செய்கிறவள் செய்கிற தப்பு.

ஞாயிற்றுக்கிழமைகளில் மேடம் எங்கள் வீட்டில் சாப்பிடுவார். பன்னிரண்டு நாள் முன்னால் அப்படித்தான் வந்தார். முற்றத்தில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் பார்த்து ஏற்றிக்கொண்டிருந்தார். நான் பிள்ளைக்குப் புட்டி கொடுத்துக்கொண்டிருந்தேன். இந்துஜா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து சாம்பாருக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று மேடம், "ஐயோ" என்றார்.

"என்ன மேடம்?"

"இந்தத் தாளப் பாருங்க அக்கா. பாவம் இந்தப் பெ ஏழு. இருபது கட்டத்துல குட்டி தாய்கிட்ட இருந்தது ரெண்டே கட்டம். மிச்சம் பூரா பெ ஒண்ணுகிட்ட. தாய் ஒரு கை தூரத்துல உக்காந்து பாத்துட்டே இருக்கு. அஞ்சு தடவ கை நீட்டிருக்கு. குடுத்தது ஒரே ஒரு தடவ."

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! பெற்ற வயிறு பக்கத்தில் உட்கார்ந்து தவிக்கிறது, இவள் யார் பிடுங்கி வைத்துக்கொள்ள? "ஏன் மேடம், அந்தப் பெ ஒண்ணுக்கு வேற வேல இல்லையா?" என்றேன்.

"இதுங்ககிட்ட இது உண்டு அக்கா. பெரிய இடத்துப் பொம்பள, சின்ன இடத்துத் தாய்கிட்ட இருந்து குட்டியத் தூக்கிரும். ஆசையாத்தான் வெச்சிருக்கும், பேன் பாக்கும், கொஞ்சும். திருப்பிக் குடுக்காது. தாய் எதுத்துக் கேக்க முடியாது, அடி விழும். குட்டி வாய் வெக்காம தாய்க்குப் பாலும் நின்னுரும். சில நேரம் குட்டி செத்தே போயிரும்."

"கல்லெடுத்து அடிக்கணும் மேடம் அந்த மூதேவிய! நாளைக்குக் காட்டுங்க, நானே அடிக்கிறேன். பிள்ள பெத்த எவளும் அப்படிச் செய்வாளா?" என்றேன். வயிறெரிந்து சொன்னேன். பிள்ளைகூட புட்டியை விட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான்.

மேடம் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தேதி போடல. இடம் போடல. மூணாவது வளைவுல பெ ஏழுக்கு இப்பக் குட்டியே இல்லையே அக்கா... அப்புறம் இது என்ன, உணவு தேடல்ங்கிற எடத்துல... வெங்காயம் உரித்தல்?" கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். "குரங்கு எங்க அக்கா வெங்காயம் உரிச்சுச்சு?"

அப்புறம் ஒரு சிரிப்பு வந்தது. யார் என்று பார்த்தால் இந்துஜா. வீட்டுக்கு வந்து இரண்டு வருடத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டதில்லை. கையில் உரித்த வெங்காயம், கண்ணில் தண்ணீர், சிரிக்கிறாள், நிறுத்தவே மாட்டேன் என்கிறாள். மேடம் அவளைப் பார்த்தார், வெங்காயத்தைப் பார்த்தார், என் மடியில் பிள்ளையைப் பார்த்தார். அவர் முகம் செத்துவிட்டது.

நான் அசரவில்லை. "அது பழகுறதுக்கு எழுதுன தாளு மேடம். கட்டம் மாத்திப் போட்டிருப்பேன்" என்றேன். உண்மைதானே, புதிதில் எழுதியது. ஒரு கட்டம் இரண்டு கட்டம் தப்பாகத்தான் இருக்கும். பதினெட்டு தப்பாக இருக்குமா என்று கேட்காதீர்கள்.

இந்துஜா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள், மேடத்தைப் பார்த்து, என்னைப் பார்க்காமல். "அப்ப அந்தப் பெ ஏழு என்னதான் பண்ணும் மேடம்?"

மேடம் பேசாமல் இருந்திருக்கலாம் இல்லையா? படித்தவர்களுக்கு வாய் சும்மா இருக்காது. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அதோட அம்மா கூட்டத்துல இருந்தா குட்டிய வாங்குன ஒடனே அம்மா பக்கத்துல போயி உக்காந்துரும். அங்க மத்ததுங்க வர யோசிக்கும்."

மறுநாள் விடிகாலை நான் பிள்ளைக்கு எண்ணெய் காய்ச்சிக்கொண்டிருக்கிறேன். திரும்பிப் பார்த்தால் தொட்டில் காலி. ஆறு பத்து பஸ்ஸில் போய்விட்டாள். என் கொழுந்தன்தான் ஏற்றிவிட்டிருக்கிறான், பெண்டாட்டிதாசன். மேடத்திடம் போய், "என் வீட்டக் கலச்சிட்டீங்களே, இது ஆராய்ச்சியா?" என்று கேட்டேன். "நான் குரங்கப் பத்தித்தான் அக்கா சொன்னேன்" என்கிறார். அதன் பிறகு எனக்குத் தாளும் தருவதில்லை, சாப்பிடவும் வருவதில்லை.

பதினோரு நாளாகப் போன் போடுகிறேன். எடுப்பதில்லை. ஒரே ஒரு தரம் எடுத்தாள். "எப்படிடி இருக்கான்?" என்றேன். "இருக்கான்" என்று வைத்துவிட்டாள். இருக்கான் என்றால் என்ன அர்த்தம்? எடை கூடினானா, குறைந்தானா? இரவில் எத்தனை தரம் விழிக்கிறான்? ஒன்றும் இல்லை. வெண்ணிலாகூடக் கேட்கிறாள், "தம்பிப் பாப்பா எப்பம்மா வரும்?" என்று. நான் அவளிடம் என்ன சொல்லட்டும்? உங்கம்மா ஒரு குரங்கு என்று சொல்லட்டுமா?

அதனால் முடிவு செய்துகொண்டுதான் வந்திருக்கிறேன். விட்டுக்கொடுத்துப் போகிறவள்தான் நான். அவள் தம்பியே உட்காரட்டும் தாய்மாமனாக. பத்திரிகையில் பேனாவால் அடித்துத் திருத்திவிடலாம், நூற்றைம்பதுதான் மிச்சம் இருக்கிறது. குளிப்பாட்டுவதைக்கூட இரண்டு நாளுக்கு ஒரு நாள் அவளிடமே விடுகிறேன். இதற்கு மேல் ஒரு மனுஷி இறங்கி வர முடியுமா?

பொறுங்கள்.

கேட்டதா உங்களுக்கு?

உள்ளேயிருந்துதான் அக்கா. அது என் பிள்ளையின் அழுகை. ஆயிரம் பிள்ளைக்கு நடுவில் எனக்குத் தெரியும், இது பசி அழுகை. அப்படியென்றால் வீட்டுக்குள்தான் இருக்கிறார்களா? வெளியே பூட்டைப் போட்டுக்கொண்டா?... நீங்கள் ஏன் தலையைக் குனிகிறீர்கள்? நான் வந்ததிலிருந்து இடுப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறீர்களே, அந்தச் சாவி எதிர்வீட்டுச் சாவிதானா? பஸ்ஸிலிருந்து நான் இறங்குவதை யாராவது பார்த்து ஓடிவந்து சொல்லியிருப்பார்கள். நீங்கள் பூட்டியிருப்பீர்கள். நல்ல ஊர் அக்கா உங்கள் ஊர். ஒரு பெண்ணுக்குத் தெருவே காவல் இருக்கிறது. எங்கள் தெருவில் அவளுக்கு அப்படி யாரும் இல்லை. நான் ஒருத்திதான் இருந்தேன்.

நின்றுவிட்டது.

அரை நிமிடம்கூட ஆகவில்லை. புட்டி கலக்க அந்த நேரம் போதாது. தண்ணீர் சூடுபண்ணவே... அப்படியென்றால் அவளிடமே குடிக்கிறானா? பால் வற்றிவிட்டது என்றாளே. வற்றிவிட்டது என்று நான்தான் சொன்னேன். எப்போதிருந்து அக்கா? நீங்கள் பார்த்தீர்களா? நன்றாக வாய் வைத்துக் குடிக்கிறானா?

வேண்டாம், எழுந்திருக்காதீர்கள், பூட்டைத் திறக்க வேண்டாம். குடிக்கிற பிள்ளையைக் கலைக்கக் கூடாது. கடைசி பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறது. நான் இந்தப் படியிலேயே இருக்கிறேன், தெருவைத் தாண்ட மாட்டேன். தாண்டினால் கல்லெடுத்து அடியுங்கள். நீங்கள் மட்டும் ஜன்னல் பக்கம் போய் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டு வாருங்கள் அக்கா. குடித்து முடித்ததும், அவளுக்கு மனமிருந்தால், ஜன்னலுக்கு நேராக வந்து ஒரே ஒரு தரம் அவனைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். நான் கையை நீட்ட மாட்டேன். அப்புறம், வலது தோளில் போட்டுத் தட்டச் சொல்லுங்கள். இடது தோள் அவனுக்கு ஆகாது, அவளுக்கு அது தெரியாது. அதை மட்டும் சொல்லிவிடுங்கள்.